மெஷின் சரியாகச் சுற்றாத மே மாதம்

மே மாதம் பிறந்து நான்காம் நாள் காலை, கரோலின் வாஷிங் மெஷினின் மூடியைத் தூக்கியபோது துணியெல்லாம் போட்டது போட்டபடியே கிடந்தது. முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. தண்ணீர் ஏறி இறங்கி, கடைசியில் பிழிந்தும் விட்டிருந்தது. ஆனால் மேலே கிடந்த படுக்கை விரிப்பின் மடிப்பில் சோப்புத்தூள் கரையாமல் ஈர மணலாக ஒட்டிக்கொண்டிருந்தது. விரிப்பை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மூத்திர வாடை அப்படியே இருந்தது.

மறுபடியும் ஓடவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்தாள். மெஷின் உறுமியது. அடியில் சுற்றுகிற தட்டு ஒரு வெட்டு வெட்டி இழுத்துவிட்டு நின்றது. இன்னொரு உறுமல், இன்னொரு வெட்டு. துணிகள் தண்ணீருக்குள் தோளைக் குலுக்குவதுபோல லேசாக அசைந்து அங்கேயே அமிழ்ந்தன. துணியையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு வெறும் தண்ணீரில் ஓடவிட்டால் தட்டு ஒழுங்காகச் சுற்றியது. துணியைப் போட்டால்தான் சண்டித்தனம்.

வேறு வீடாக இருந்தால் இரண்டு நாள் கையால் துவைத்துக்கொண்டு, சாவகாசமாக ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். கரோலின் வீட்டில் அந்த மெஷின்தான் பாதி குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் அலெக்ஸாண்டர் துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால், கிரேனில் வேலை பார்த்துவிட்டு இறங்கும்போது ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீர் வருவதும் தெரியாது, போனதும் தெரியாது. முதல் வருடம் டியூப் போட்டிருந்தார்கள். அது நான்கு முறை சீழ் பிடித்ததால் டாக்டரே எடுத்துவிட்டார். கடையில் விற்கிற டயப்பர் தோலைப் புண்ணாக்கியது. கடைசியில் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்துக் கட்டுவது என்று ஆனது. தினமும் நான்கு விரிப்பு, பத்துப் பன்னிரண்டு துண்டுத்துணி. நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், நாளுக்கு மூன்று பாட்டிலாவது உள்ளே போகவேண்டும், இல்லாவிட்டால் கிட்னியில் கிருமி ஏறிவிடும் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அதனால் கரோலின் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மூன்று பாட்டிலை நிரப்பி அவன் கைக்கெட்டும் ஜன்னல் திண்டில் வைப்பாள். பாட்டில் காலியானதா என்று பார்ப்பாள். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வரும், வெளியே வந்தது மெஷினுக்குப் போகும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பனைமரத்தொட்டிப் பக்கம் ஒரு சந்தில், மாடியில், ஒரு அறையும் ஒரு சமையலறையும் மெஷின் நிற்கிற அளவுக்கு ஒரு பால்கனியும் கொண்ட வீட்டில் இவ்வளவுதான் அவர்கள் வாழ்க்கை.

ஆளைக் கூப்பிடலாமா என்று கேட்டதும் அலெக்ஸாண்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. நாற்பது டன் தூக்குகிற கிரேனைப் பிரித்துப் போட்டுப் பூட்டினவன் வீட்டுக்கு வாஷிங் மெஷின் பார்க்க இன்னொருத்தன் வருவதா என்று கேட்டான். கை இருக்கிறது, கண் இருக்கிறது, காது இருக்கிறது. நடக்க முடியாது என்பது ஒன்றுதானே, நடப்பதற்கு நீ இருக்கிறாயே என்றான். கரோலின் மறுக்கவில்லை. விழுந்ததிலிருந்து அவன் எதிலும் இவ்வளவு ஆசையாகப் பேசி அவள் கேட்டதில்லை.

அவன் படுத்த இடத்திலிருந்தே வேலையை ஆரம்பித்தான். முதலில் துணியைப் பாதியாகக் குறைத்துப் போடச் சொன்னான். பலனில்லை. தண்ணீர் அளவைக் கூட்டி வைக்கச் சொன்னான். அதிலும் மாற்றமில்லை. அப்புறம் கதவைத் திறந்து வைத்துவிட்டு மெஷினை ஓடவிடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்தான். உறுமல், வெட்டு, உறுமல். மூன்று நிமிடம் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"பெல்ட்டுமே. லூஸாயிக்கீது. மோட்டாரு சுத்துது, பெல்ட்டு வழுக்குது. வெயிட்டு இல்லேன்னா சுத்தும், வெயிட்டு ஏறுனா நின்னுடும்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, பழைய தலையணையைத் தரையில் போட்டு மெஷினை அதன்மேல் மெல்லச் சாய்த்தாள். இடம் போதாமல் அவள் கால் சமையலறையிலும் தலை பால்கனியிலுமாகப் படுத்துக்கொண்டாள். அடியில் இருந்ததையெல்லாம் செல்போனில் படமெடுத்து எழுந்து போய்க் காட்டினாள். அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எது மோட்டார், எது பெரிய சக்கரம், எந்த போல்ட்டைத் தளர்த்தினால் மோட்டார் நகரும் என்று சொன்னான். கட்டைவிரலால் பெல்ட்டை அமுக்கிப் பார்க்கச் சொன்னான். ஒரு இஞ்ச் உள்ளே போனது. அரை இஞ்சுக்குமேல் போகக்கூடாதாம்.

போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. தேங்காயெண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தாள். அப்படியும் ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டியில் தோல் உரிந்தது. அறையிலிருந்து அவன், குளியலறையில் கிடக்கிற பழைய பைப் துண்டை ஸ்பேனர் காம்பில் மாட்டி நீளமாக்கிக்கொண்டு இழு என்று குரல் கொடுத்தான். இழுத்தாள். கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு போல்ட் பிடியைவிட்டது. அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கவேண்டும். உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது.

மோட்டாரைப் பின்னால் தள்ளிப் பெல்ட்டை இறுக்கி, மெஷினை நிமிர்த்தி, நான்கு விரிப்பையும் ஒன்றாகப் போட்டாள். தட்டு துணியை இழுத்துச் சுழற்றியது. கரோலின் கையெல்லாம் கறுப்பாக அவன் கட்டிலுக்கு வந்து நின்றாள். அவன் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஃபிட்டர் ஆயிட்டமே நீ," என்றான்.

அன்றைக்கு அவர்கள் கலியாணமான புதிதில் இருந்ததுபோல இருந்தார்கள். அவன் பழைய கிரேன் கதைகள் இரண்டைச் சொன்னான். அவள் வஞ்சிரம் வாங்கி வறுத்தாள்.

அந்தச் சந்தோஷம் ஆறு நாள் நின்றது.

ஏழாம் நாள் மெஷின் பழையபடி உறுமியது. பெல்ட் தேய்ந்து பளபளத்துவிட்டது, இறுக்கினால் மட்டும் போதாது, புதிதாகப் போடவேண்டும் என்று அலெக்ஸாண்டர் முடிவு சொன்னான். கரோலின் டோல்கேட்டில் உதிரிபாகம் விற்கிற ஒரு கடைக்குப் போனாள். அங்கே ரிப்பேர் வேலையும் பார்க்கிற ரஹீம் என்கிறவர் பழைய பெல்ட்டைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, இது இன்னும் ஒரு வருடம் வரும்போல இருக்கிறதே அக்கா, நான் ஒருமுறை வந்து பார்த்துவிடட்டுமா என்று கேட்டார். வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் புதுப் பெல்ட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

பெல்ட் மாற்றுவதற்கு அவளுக்கு அரை நாள் ஆனது. பைப் துண்டு, எண்ணெய், தலையணை, படம் எல்லாம் மறுபடியும் நடந்தது. எல்லாம் முடித்து ஓடவிட்டபோது, முதல் பத்து நிமிடம் சுற்றிய தட்டு அப்புறம் நின்று உறுமியது.

அவன் இன்னொருமுறை இறுக்கச் சொன்னான். இறுக்கினாள். பழையபடி தளர்த்தச் சொன்னான். தளர்த்தினாள். மூன்றாவது முறை அவள் தரையிலிருந்து எழுந்திருக்கும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதைக் கதவு வழியாக அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப்பிறகு அவன் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து கரோலின் கையால் துவைக்க ஆரம்பித்தாள். குழாயில் தண்ணீர் வருவது காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும்தான். அதற்குள் குந்தி உட்கார்ந்து, நனைத்து, கும்மி, அலசி, பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுத்து, கடைசியில் பிழிவதற்கு மட்டும் மெஷினில் போட்டாள். ஒரு வாரத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. உள்ளங்கைத் தோல் வெளுத்துப்போய்த் தாளாக உரிந்தது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொருதரம் அவனைப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். அப்படிப் புரட்டும்போது ஒருநாள் அவன் பனியனில் தோள்பட்டைக்குப் பக்கத்தில் நான்கு சின்ன இரத்தப் புள்ளிகள் பதிந்தன. அவள் விரல்கள் பட்ட இடம். அவன் கழுத்தைத் திருப்பி அந்தப் புள்ளிகளைப் பார்த்தான். அவள் கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்கப்புறம் துணி குறைய ஆரம்பித்தது.

நான்கு விரிப்பு என்பது மூன்றானது. அந்த வாரக் கடைசியில் இரண்டானது. துண்டுத்துணியும் ஐந்தாறுக்குமேல் போகவில்லை. முதலில் அவள் கவனிக்கவில்லை; கவனித்தபோது, அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிறது, தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். பாட்டில்கள் மூன்றும் தவறாமல் காலியாகிக்கொண்டுதான் இருந்தன. யாரோ அவள்மேல் இரக்கப்பட்டு இதைச் செய்ததுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மண்டியிட்டபோது அதற்காக நன்றிகூடச் சொன்னாள். ஏழரை மணிக்கே துவைத்து முடித்து, கொடியில் துணியை உதறிப் போடும்போது அவள் வாயில் தன்னையறியாமல் ஒரு பாட்டு ஓடியது.

ஒன்று மட்டும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. விரிப்புகளில் கறை போகவில்லை. முன்னே லேசான மஞ்சளாக இருந்தது இப்போது டீத்தண்ணி நிறத்தில் வட்டம் வட்டமாக இருந்தது. எவ்வளவு கும்மினாலும் அதன் விளிம்பு தங்கிவிட்டது. வாடையும் கடுமையாக இருந்தது. எல்லாம் இந்தப் பாழாய்ப்போன மெஷினால்தான், கையால் துவைத்தால் இவ்வளவுதான் வரும் என்று அவள் மெஷினைத் திட்டிக்கொண்டாள்.

அலெக்ஸாண்டர் பகலெல்லாம் தூங்க ஆரம்பித்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். மெஷினைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை. ரோஷத்தில் இருக்கிறான் என்று அவள் நினைத்தாள். ஆளைக் கூப்பிடட்டுமா என்று இன்னொருமுறை கேட்டபோது, கூப்பிட்டுக்கோ என்று கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

ரஹீம் வந்தது மே மாதம் இருபத்தேழாம் தேதி மதியம். வந்ததும் மெஷினைச் சாய்க்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையை உள்ளே விட்டு, அடித்தட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, மோட்டாருக்குப் புறப்படும் வேகத்தைக் கொடுக்கிற கெப்பாசிட்டரை மீட்டரில் வைத்துப் பார்த்து, அது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு கரோலினைப் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தட்டைத் திருப்பினார். அடியில் எதுவும் அசையாமல், தட்டு மட்டும் கடகடவென்று நழுவிச் சுற்றியது.

நடுவில் இருந்த திருகாணியைக் கழற்றித் தட்டைத் தூக்கியெடுத்து, தலைகீழாகத் திருப்பி அவளிடம் காட்டினார். அடியிலிருந்து வருகிற தண்டு போய் உட்கார்கிற குழிக்குள் சுற்றிலும் பல் இருக்கவேண்டும். அங்கே விரலை விட்டால் வழவழவென்று இருந்தது.

"பல்லு தேஞ்சிட்சிக்கா. தண்ணி மட்டும் இருந்தா பேருக்கு சுத்தும், துணி வெயிட்டு ஏறுனா நழுவிடும். பெல்ட்டுல ஒரு கொறையும் இல்ல, மொதல்லருந்தே. நடுவுல கொஞ்ச நாளு ஓடுச்சின்னா, மிச்சமிருந்த பல்லு கவ்விகினு இருந்திருக்கும்."

கரோலின் உதட்டில் விரலை வைத்து, அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். ரஹீம் புரிந்துகொண்டு குரலைத் தாழ்த்தி, புதுத்தட்டு நாளைக்கு வந்துவிடும், போடுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது என்றார். பத்து நிமிட வேலை. அதற்காகப் பதினைந்து நாள் குந்தி உட்கார்ந்து கும்மினோமே என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டுக் கௌசர் மாடியேறி வந்தாள். கௌசர் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். லைனிங் துணியைத் தைப்பதற்கு முன்னால் நனைத்துக் காயப்போடுவாள். கையில் அப்படி ஒரு வெள்ளைத் துணியை வைத்திருந்தாள். அதில் கறுப்பாக இரண்டு கோடு இறங்கியிருந்தது. கொஞ்ச நாளாகவே மேலேயிருந்து தண்ணீர் ஊற்றி, சன்ஷேடில் படிந்திருக்கிற கரித்தூளோடு கலந்து கொடித்துணியில் விழுகிறது என்றாள். உங்கள் கஷ்டம் தெரியும், அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை, இன்றைக்குப் பார்த்து வேறு ஒருவரின் கலியாணத் துணியில் விழுந்துவிட்டது அக்கா என்று சங்கடத்தோடு சொன்னாள்.

மெஷின் ஒழுகவும் ஆரம்பித்துவிட்டதா என்று கரோலினுக்கு மனசு விட்டுப்போனது. ரஹீம் தண்ணீர் ஏறுகிற குழாய், வடிகிற குழாய் இரண்டையும் துணியால் துடைத்து, மெஷினில் தண்ணீரை ஏற்றி வடியவிட்டுப் பார்த்தார். எங்கேயும் ஒரு பொட்டு ஈரமில்லை. மூன்று பேரும் கீழே இறங்கி, கௌசர் கொடி கட்டியிருக்கிற இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தார்கள். சுவரில் ஈரம் வழிந்த தடம் பச்சையாக இருந்தது. ஆனால் அது பால்கனியிலிருந்து வரவில்லை. நாலைந்து அடி தள்ளி, அறை ஜன்னலுக்கு அடியிலிருந்து இறங்கியது.

கரோலின் மாடியேறினாள். படி ஏறும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அறைக்குள் நுழைந்தபோது அலெக்ஸாண்டர் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டியிருந்தான். மதியப் பாட்டில் கவிழ்ந்திருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல், சன்ஷேடில் தெறிக்காத அளவுக்கு மெல்லிசாக இறங்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தும் அவன் கையை இழுக்கவில்லை. முழுவதும் ஊற்றி முடித்துவிட்டுப் பாட்டிலைத் திண்டில் வைத்தான்.

"எத்தினி நாளா?" என்று கேட்டாள்.

"என் பனியன்ல உன் ரத்தம் பட்டுச்சி இல்ல, அன்னிலருந்து."

"டாக்டரு இன்னா சொன்னாரு, மறந்துட்டியா?"

"உன் கைய பாத்தேன்மே." அவன் குரல் வறண்டு கரகரத்தது. "நான் குடிச்சா நீதான தோய்க்கணும். வாய நனைக்கத் துளி குடிச்சிகினுதான் கீறேன்."

அவள் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அவன் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் வைத்தாள். இரண்டு மடக்கு குடித்தான். மூன்றாவது மடக்கில் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தான். அப்போதுதான் அவள் உள்ளங்கை அவன் பிடரியில் முழுசாகப் படிந்தது. பல நாளாகப் பிளீச்சிங்கில் எரிந்து மரத்துப்போயிருந்த கை அது. அவன் உடம்பு சுட்டதைக் காலையில் புரட்டியபோது அதனால் உணர முடியவில்லை. இப்போது உணர்ந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தாள். கட்டியிருந்த துணியில் இருந்தது டீத்தண்ணி நிறம்கூட இல்லை. அதில் சிவப்பு கலந்திருந்தது.

அரை மணி நேரத்துக்குள் குளிர் தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. கட்டில் ஆடியது. அவன் அவளை அடையாளம் தெரியாமல், கிரேனை நிறுத்து, கீழே ஆள் இருக்கிறான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் கிளம்பாமல் கீழே நின்றிருந்த ரஹீம்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அவரும் கௌசரின் புருஷனும் விரிப்போடு சேர்த்து அவனைத் தூக்கிப் படியிறக்கினார்கள்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தார்கள். கிட்னியில் ஏறிய கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். முதல் மூன்று நாள் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். கரோலின் வார்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு மூன்றானது எந்த நாள், மூன்று இரண்டானது எந்த நாள், கறை நிறம் மாறியது எந்த நாள். தட்டு ஏன் சுற்றவில்லை என்று மெஷினின் அடிவயிறு வரைக்கும் படுத்துப் பார்த்தவள், தினமும் தன் கையில் வாங்கிய துணியைப் பார்க்காமல் விட்டிருந்தாள். பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு நன்றி சொல்லியிருந்தாள்.

ஐந்தாம் நாள் அவனுக்கு நினைவு தெளிந்தது. மதிய நேரம். பக்கத்துக் கட்டில்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அவன் காதருகே குனிந்து, இதைச் சொல்லாவிட்டால் தன்னால் இனி அந்த வீட்டில் இருக்க முடியாது என்பதுபோலச் சொன்னாள்.

"துணி கொறஞ்சிச்சில்ல, அப்போ எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஏன் கொறஞ்சிச்சின்னு யோசிக்கவே இல்ல நானு."

அவன் மேலே ஓடிய மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கி அவளைப் பார்த்தான்.

"தெரியும்," என்றான். "அன்னிக்கு ஏழரைக்கே தோய்ச்சி முட்சிட்டு பாடிகினே துணி போட்ட. விழுந்ததுலருந்து நீ பாடி நான் கேக்கல. சரி, இப்டியே போவட்டும்னு வுட்டுட்டேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்ததுபோல அவன் முகத்தைத் திருப்பினான். அவளுக்கு அழுகை வரவில்லை. தான் பாடிய பாட்டுக்கு அவன் கொடுத்த விலை இது என்று ஒரு எண்ணம் வந்து, மரப்பெஞ்சில் ஆணி குத்துவதுபோல அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. அவன்மேல் கோபமாகவும் இருந்தது. என்னைக் கேட்காமல் எனக்காக நீ எப்படிச் சாகலாம் என்று கேட்க நினைத்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ சோற்றை நீட்டி, நீயும் கொஞ்சம் சாப்பிடும்மா என்றார்கள். வாங்கிக்கொண்டாள்.

ஜூன் ஏழாம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு கிட்னியும் சேர்ந்து இனி பாதி வேலைகூடச் செய்யாது, இன்னொருமுறை இப்படி வந்தால் டயாலிசிஸ் வரைக்கும் போகும், அல்லது அதற்கும் நேரமிருக்காது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். டியூபை மறுபடியும் போட்டுவிட்டார்கள், இந்த முறை நிரந்தரமாக. கட்டில் ஓரத்தில் ஒரு பை தொங்கியது. இனி விரிப்புகள் அவ்வளவாக நனையாது. வாரத்துக்கு இரண்டு தடவை மெஷின் போட்டால் போதும்.

மெஷின் அதற்குள் தயாராக இருந்தது. கௌசரிடம் சாவி வாங்கி ரஹீம் புதுத்தட்டைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார். பழைய தட்டைத் தூக்கிப் போடாமல் மூடியின்மேல் வைத்திருந்தார். வந்த அன்றைக்கு மதியமே அலெக்ஸாண்டர் அதைக் கேட்டு வாங்கி, மார்பின்மேல் வைத்துக்கொண்டு, நடுக்குழியில் விரலைவிட்டுச் சுற்றிச் சுற்றித் தடவினான். ரஹீம் அன்றைக்குச் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது என்று கரோலினுக்கு அப்போது தெரிந்தது.

"மொத நாளே உள்ள இருக்குற தட்ட கழட்ட சொல்லிருக்கணும். மூணு நிமிசம் காது குடுத்து கேட்டேனே, பல்லு நழுவுற சத்தம் எனக்குத் தெரிலயே," என்றான்.

யாருக்கும் தவறுவதுதானே என்று அவள் சொல்லியிருக்கலாம். அவன் அதற்காகக் காத்திருந்ததுபோலவும் இருந்தது. அவள் சொல்லவில்லை. அன்றைக்கே ஆளைக் கூப்பிடவிட்டிருந்தால் என்ற பேச்சையும் எடுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தொங்கிய பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கோட்டைப் பார்த்து ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் எழுதினாள். அவன் தட்டைக் கீழே வைத்தான்.

அதற்கப்புறம் இருவரும் ஒருவரையொருவர் ஜாக்கிரதையாகவே நடத்திக்கொண்டார்கள். அவள் கை மெல்ல ஆறியது. காலையில் சும்மா இருக்கிற நேரம் அவளுக்குப் பழக்கமில்லாமல் இருந்தது. கௌசருக்குக் கொக்கி தைத்துக்கொடுக்கப் போனாள். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து அவனைப் புரட்டிப் படுக்கவைப்பாள். தண்ணீரை அவள் கொடுப்பாள், அவன் குடிப்பான், அவள் கிளாஸைத் திருப்பி வாங்கிக்கொள்வாள். அந்த நேரத்தில் மட்டும் இரண்டு பேரும் பேசமாட்டார்கள்.

ஆகஸ்ட் மாதம், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை, மெஷின் பால்கனியில் ஓடிக்கொண்டிருந்தது. கரோலின் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அறையிலிருந்து அலெக்ஸாண்டர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவசரமில்லாத, சாதாரணக் குரல்.

"கரோ, எனக்குக் குளுருது."

அவள் ஈரக்கையோடு வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை அவன் முதலில் சொல்லியிருந்தான். அது எவ்வளவுக்குப் போதும் என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் ஆஸ்பத்திரித் தாள்கள் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கௌசரின் புருஷனைக் கூப்பிடக் கீழே இறங்கினாள்.